ஒரு பல் தள்ளி

வேன் சுவரில் மோதிய நாளிலிருந்து நூலண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் தினமும் சாயங்காலம் தம்பி வீட்டுக்குப் போய், தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, போட்டதையெல்லாம் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார். போகாமல் இருந்தால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். கேட்டால் பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்வதைவிடச் சாப்பிடுவது சுலபமாக இருந்தது.

நூலண்ணன் என்பது பட்டறை வைத்த பெயர். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் காரின் சக்கரங்களை நேராக்க இயந்திரம் கிடையாது. வண்டியின் இரு பக்கமும் நூல் கட்டி, நூலுக்கும் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேல் வைத்து அளந்துதான் நேராக்குவார்கள். நூலண்ணனுக்கு ஸ்கேல்கூட வேண்டாம், ஒரு கண்ணை மூடினால் போதும், அரை மில்லிமீட்டர் கோணலையும் சொல்லிவிடுவார் என்று ஊரெல்லாம் பேச்சு. அவரும் அதை மறுத்ததில்லை. பெண்களிடமும் இப்படி நூல் விடத் தெரிந்திருந்தால் இந்நேரம் பேரன் எடுத்திருப்பார் என்று கூட வேலை பார்ப்பவர்கள் கிண்டல் செய்வார்கள். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பட்டறைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு மின்விசிறி. மற்றபடி அவருக்கு உலகம் என்று இருந்தது தம்பியும் தம்பியின் மனைவியும் அவர்களுடைய இரண்டு பெண் பிள்ளைகளும்தான். பிள்ளைகள் கூப்பிடுவதைப் பார்த்துத் தம்பி மனைவியும் அவரைப் பெரியப்பா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டாள்.

தம்பி ஒரு ஆஸ்பத்திரியில் வேன் ஓட்டினான். மலைமேல் இருக்கும் கிளைக்குக் காலையில் ஊழியர்களை ஏற்றிப் போய், மாலையில் இறக்கிக்கொண்டு வருவது வேலை. ஒன்பது வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அப்படிப்பட்டவன் திங்கட்கிழமை காலை, மழை விட்ட ஈரத்தில், இடது பக்க வளைவு ஒன்றில் பிடியை விட்டுவிட்டான். பின்பக்கம் வழுக்கி, வேன் அரைச் சுற்று சுற்றி, வலது பக்கமாகப் போய் ஓரச் சுவரில் இடித்தது. பத்துப் பேரில் ஒன்பது பேருக்குச் சிராய்ப்போடு போயிற்று. வலது ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த லேப் பெண்ணுக்குக் கை மூன்று இடத்தில் முறிந்தது. வேலை செய்கிற கை.

நிர்வாகம் வண்டியின் பதிவுப் பெட்டியைப் பிரித்துப் பார்த்தது. சறுக்கலைத் தடுக்கும் ஏற்பாட்டைத் தம்பி பட்டனை அமுக்கி அணைத்து வைத்திருக்கிறான் என்று அதில் இருந்தது. அன்று மட்டுமல்ல, ஐந்து நாளில் பதினான்கு முறை. வண்டியை அணைத்துக் கிளப்பும்போதெல்லாம் அந்த ஏற்பாடு தானே விழித்துக்கொள்ளும். அவன் ஒவ்வொரு முறையும் அதை மறுபடி தூங்க வைத்திருக்கிறான். கேட்டதற்குத் தம்பி மறுக்கவில்லை. ஆமாம், அமுக்கினேன் என்றான்.

இந்த இடத்தில் அந்த ஏற்பாடு என்ன செய்யும் என்று சொல்லாவிட்டால் நூலண்ணன் செய்த காரியம் விளங்காது. அதனால் பொறுத்துக்கொள்ளுங்கள், நீட்டாமல் சொல்லிவிடுகிறேன். ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் என்று அதற்குப் பெயர். பட்டறையில் சுருக்கமாக ஸ்டெபிலிட்டி என்பார்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சென்சார் இருக்கிறது. ஓட்டுகிறவன் வண்டியை எந்தப் பக்கம், எவ்வளவு திருப்பச் சொல்கிறான் என்று அது கம்ப்யூட்டருக்குச் சொல்லும். வண்டியின் நடுவில் இன்னொன்று இருக்கிறது. வண்டி உண்மையில் எவ்வளவு திரும்புகிறது என்று அது சொல்லும். இரண்டும் ஒத்துப்போகிறவரை கம்ப்யூட்டர் வாயை மூடிக்கொண்டிருக்கும். ஒன்று ஒன்றைச் சொல்லி இன்னொன்று வேறொன்றைச் சொன்னால், வண்டி சறுக்குகிறது என்று அர்த்தம். உடனே ஏதாவது ஒரு சக்கரத்தில் மட்டும் பிரேக்கைப் பிடித்து, எஞ்சினையும் கொஞ்சம் அடக்கி, வண்டியை ஓட்டுகிறவன் கேட்ட பக்கத்துக்கு இழுத்துக் கொண்டுவந்துவிடும். மனிதனுக்கு இருப்பது ஒரு பிரேக் மிதிதான். நாலு சக்கரத்தில் ஒன்றை மட்டும் தேர்ந்து பிடிக்க எந்தக் கெட்டிக்காரனாலும் ஆகாது.

எல்லாம் சரி. ஆனால் ஓட்டுகிறவன் என்ன கேட்கிறான் என்று சொல்லும் அந்த முதல் சென்சாரே பொய் சொன்னால்? அதற்குப் பொய் சொல்லிக் கொடுத்தது நூலண்ணன்.

விபத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை தம்பி வேனைப் பட்டறைக்குக் கொண்டுவந்திருந்தான். பள்ளத்தில் விழுந்ததில் சக்கரம் கோணி, நேராகப் போகும்போது ஸ்டீயரிங் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. சின்ன வேலைதான். சக்கரத்தைத் திருப்பும் தண்டுகளை இரு பக்கமும் கூட்டிக் குறைத்தால் ஸ்டீயரிங் நேராகிவிடும். ஆனால் ஒரு பக்கத்து நட்டு துருவேறிப் பிடித்துக்கொண்டது. எண்ணெய் விட்டு, சூடு காட்டி, தட்டித் தட்டி எடுக்க ஒரு மணி நேரம் ஆகும். மணி மூன்று. நாலரைக்குத் தம்பி மலைமேல் இருக்க வேண்டும்.

நூலண்ணன் பழைய வழியைப் பிடித்தார். சக்கரங்களைத் தங்களுக்குள் நேராக்கிவிட்டு, ஸ்டீயரிங்கை மட்டும் அதன் நடுத்தண்டிலிருந்து கழற்றி, ஒரு பல் தள்ளி மாட்டினார். தண்டைச் சுற்றிச் சின்னச் சின்னப் பற்கள் இருக்கும். ஒரு பல் தள்ளினால் பத்து டிகிரி நகரும். கால் மணி நேர வேலை. பழைய கார்களில் இதை ஆயிரம் தடவை செய்திருப்பார். பார்க்க ஸ்டீயரிங் நேராக நிற்கும், ஓட்டுகிறவனுக்குத் திருப்தி, யாருக்கும் ஒரு குறையும் இல்லை. ஆனால் பழைய கார்களில் கீழே உட்கார்ந்து கணக்கெடுக்கும் சென்சார் கிடையாது. இந்த வேனில் அது, ஸ்டீயரிங் நேராகத் தெரிந்தபோதும், ஓட்டுகிறவன் பத்து டிகிரி வலது பக்கம் திருப்பிக்கொண்டே இருக்கிறான் என்று கம்ப்யூட்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தது.

இவ்வளவு அனுபவம் உள்ள மனிதருக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். கம்பெனி நடத்திய இரண்டு நாள் வகுப்பில் உட்கார்ந்து, கடைசியில் சான்றிதழும் வாங்கியவர். வேலை முடிந்ததும் ஸ்கேனரை மாட்டி, இதுதான் நேர் என்று சென்சாருக்குச் சொல்ல வேண்டும். ஸீரோ போடுவது என்பார்கள். அதைச் செய்திருந்தால்கூடத் தப்பித்திருக்கலாம். ஆனால் ஸ்கேனர், பட்டறையில் எல்லோரும் டாக்டரம்மா என்று கூப்பிடும் பெண்ணிடம் இருந்தது. எந்த வண்டிக்கு என்ன நோய் என்று வயர் சொருகிப் பார்த்துச் சொல்பவள் அவள். அவள் வேறொரு வண்டியில் வேலையாக இருந்தாள். அவளிடம் போய் நின்று, கொஞ்சம் கொடும்மா என்று கேட்பதற்கு நூலண்ணனுக்கு வாய் வரவில்லை. இவர் கண்ணை மூடி நேர் பார்த்த காலத்தில் அவள் பிறந்திருக்கவே மாட்டாள் என்பது அவருடைய நினைப்பு. வேலை அட்டையில் ‘ஸீரோ செய்யப்பட்டது’ என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டார். கீழே கையெழுத்தும் போட்டார்.

“நூல் பிடிச்ச மாதிரி போகும், எடுத்துட்டுப் போ” என்று சாவியைத் தம்பியிடம் கொடுத்தார்.

திங்கட்கிழமை மதியம் நொறுங்கிய வேனை இழுத்துவந்து பட்டறை முற்றத்தில் போட்டபோது டாக்டரம்மா அவர் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

“அண்ணே, அன்னைக்கு ஸ்கேனர் என்கிட்டதானே இருந்துச்சு? ஸீரோ எப்படிப் போட்டீங்க?”

“உன் வேலை எதுவோ அதைப் பாரு. எனக்குப் பாடம் எடுக்க வராதே” என்று கத்தினார். முற்றமே திரும்பிப் பார்த்தது. அவள் முகம் சுருங்கி அங்கிருந்து போனாள். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது, மேஸ்திரி அளவுக்கு மதிப்புள்ளவரோடு மோதி அவள் என்ன செய்ய முடியும்? நூலண்ணன் துணியை எடுத்து, துடைத்த ஸ்பேனரையே மறுபடி துடைத்தார்.

அன்று சாயங்காலமே சொல்லிவிடுவதாகத்தான் தம்பி வீட்டுக்குப் போனார். சத்தியமாக அந்த எண்ணம் இருந்தது. ஆனால் போய் உட்கார்ந்தால் பிள்ளைகள் இரண்டும் சுவரோரம் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, தம்பி மனைவி அழுத கண்ணோடு தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறாள், தம்பி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். வாயைத் திறந்தார்.

“பட்டனை ஏன்டா அமுக்கினே? உன் உயிரைக் காப்பாத்தத்தானே அதை வெச்சிருக்கான்?”

சொல்ல வந்தது ஒன்று, வந்து விழுந்தது இது. அதற்கப்புறம் செவ்வாய், புதன் என்று நாள் ஆக ஆக உண்மையின் எடை கூடிக்கொண்டே போனது. முதல் நாள் சொல்லியிருந்தால் அது தவறு. மூன்றாம் நாள் சொன்னால் அது துரோகம். நாலாம் நாள் என்னவென்று பெயர் வைப்பது என்று நூலண்ணனுக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை தம்பி ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினான். நிர்வாகம் கேட்ட கடிதம். மறுநாள் இன்சூரன்ஸ் கம்பெனியின் ஆய்வாளர் பட்டறைக்கு வந்து வண்டியைப் பார்த்த கையோடு அதில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் வேலையை மட்டும் பறித்துக்கொண்டு விட்டுவிடுவார்கள், போடாவிட்டால் வழக்கு. போட்டாலும் அதற்குப் பிறகு எந்த நிறுவனமும் அவனை நம்பி ஒரு சாவியைக் கொடுக்காது. ஓட்டுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாதவன் அவன்.

“படிச்சுப் பாருண்ணே. சரியா எழுதியிருக்கேனான்னு.”

நூலண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். ‘பாதுகாப்புக் கருவியை நான் தெரிந்தே அணைத்து வைத்தேன். வாகனத்தில் எந்தக் கோளாறும் இல்லை. நடந்த விபத்துக்கு முழுப் பொறுப்பும் என்னுடையதே.’ முத்து முத்தான எழுத்து.

“அந்த ரெண்டாவது வரிதான் கொஞ்சம் உறுத்துது” என்றான் தம்பி. “இடது பக்கம் வளையறப்பல்லாம் வண்டி வெளியே இழுத்துச்சுண்ணே. யாரோ வலது சக்கரத்தைப் புடிச்சு நிறுத்தற மாதிரி. பின்னாடி இருக்கறவங்க ஐயோன்னு கத்துவாங்க. அதான் அமுக்கினேன். அமுக்கினதும் நல்லாத்தான் போச்சு.”

“பெரியப்பாகிட்ட ஒரு தடவை காட்டிடுங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்” என்றாள் தம்பி மனைவி. “கேக்கவே இல்ல.”

“அண்ணனுக்கு ஏற்கெனவே தலைக்கு மேல வேலை. விடு” என்றான் தம்பி.

வலது சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிற மாதிரி. நூலண்ணனுக்கு வேறு எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இடது வளைவில் தம்பி சரியாகத்தான் திருப்பியிருக்கிறான். சென்சார் பத்து டிகிரி குறைத்துச் சொல்லியிருக்கிறது. கேட்டதைவிட வண்டி அதிகம் திரும்புகிறதே, பின்பக்கம் வழுக்குகிறது போல என்று கம்ப்யூட்டர் பயந்து, வலது முன் சக்கரத்தைப் பிடித்து வெளியே இழுத்திருக்கிறது. வழுக்காத வண்டியை வழுக்குகிறது என்று பிடித்தது. திங்கட்கிழமை உண்மையாகவே வழுக்கியபோது அதே சக்கரத்தை அரை நொடி பிடித்திருந்தால் அந்தப் பெண்ணின் கை முழுசாக இருந்திருக்கும். அப்போது அது அணைந்து கிடந்தது.

“உனக்கு அப்படித் தோணியிருக்கும்” என்றார் நூலண்ணன்.

“இருக்கும்” என்றான் தம்பி. “அப்ப இது சரியா இருக்கா?”

“சரியா இருக்கு.”

“பெரியப்பா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்” என்று தம்பி மனைவி தாளை வாங்கி, கசங்காமல் பிள்ளைகளின் பாடப் புத்தகத்துக்குள் வைத்தாள். அப்புறம் சாப்பாடு போட்டாள். நூலண்ணன் சாப்பிட்டார். இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது, ஆனால் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஆய்வாளர் வந்தார். நாற்பது வயதுப் பெண்மணி, தானே ஓட்டிக்கொண்டு வந்த கார், கையில் பெட்டி. பட்டறை முதலாளி கொடுத்த நாற்காலியில் உட்காரவில்லை. நேராக வேனுக்குப் போய்க் குனிந்து, படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தார். தம்பி சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்திருந்தான். கடிதம் சட்டைப் பையில் இருந்தது. நிர்வாகத்திலிருந்து வந்த மனிதர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். டாக்டரம்மா கொஞ்சம் தள்ளி, ஸ்கேனரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

ஆய்வாளர் தன் கருவியைச் சொருகிப் பார்த்தார்.

“ஸ்டீயரிங் சென்சார் பத்து டிகிரி வலது பக்கம் காட்டுது. ஆனா முன்சக்கரம் இடிச்சு வளைஞ்சிருக்கு. இடிச்சதுல வந்ததா, முன்னாடியே இருந்ததான்னு இதை வெச்சுச் சொல்ல முடியாது.” முதலாளியைப் பார்த்தார். “கடைசியா அலைன்மென்ட் எப்போ பண்ணீங்க?”

முதலாளி வேலை அட்டையை நீட்டினார். அவர் முகத்தில் பெருமைகூட இருந்தது. “போன வாரம்தாம்மா. எங்க சீனியர் கையால. டிக் போட்டுக் கையெழுத்தும் இருக்கு பாருங்க.”

ஆய்வாளர் அட்டையைப் படித்துவிட்டுத் தலையசைத்தார். “ஸீரோ போட்டிருக்காங்க. அப்ப சென்சார் மேல குறை இல்ல. இடிச்சதுல மாறினதுதான்.” குறிப்பேட்டில் எழுத ஆரம்பித்தார்.

நூலண்ணன் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஒரு பொய் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை, எதையும் மறைக்க வேண்டியதில்லை. அவருடைய டிக் தானாகவே அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. இன்னும் ஐந்து நிமிஷம் சும்மா நின்றால் போதும்.

தம்பி சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தான். பிரிக்கும் முன் ஆய்வாளரிடம் கேட்டான்.

“அம்மா, ஒரு சந்தேகம். இடது பக்கம் வளையறப்ப மட்டும் வெளிய இழுத்துச்சே, அது எதனால?”

“சரியா அலைன்மென்ட் பண்ணி ஸீரோ போட்ட வண்டி அப்படி இழுக்காதுங்க.”

“ஓகோ” என்றான் தம்பி. தன் இரண்டு கைகளையும் விரித்து ஒரு தரம் பார்த்தான். “அப்ப என் கைதான் கெட்டுப்போச்சு போல. ஒன்பது வருஷமா நல்லா இருந்த கைம்மா. அந்தப் பொண்ணு பாவம்.” நிர்வாகத்து மனிதரிடம் பேனா கேட்டான்.

அவர் பேனாவைக் கொடுத்தார். தம்பி வேனின் பானெட்டில் தாளை வைத்தான்.

“ஸீரோ போடல” என்றார் நூலண்ணன்.

சத்தம் வெளியே வந்ததா என்று அவருக்கே சந்தேகம். எல்லோரும் திரும்பியதைப் பார்த்த பிறகுதான் வந்தது என்று தெரிந்தது.

“ஸீரோ போடாமலே டிக் போட்டேன். நட்டு துருப் புடிச்சுருந்துச்சு. ஸ்டீயரிங்கைக் கழட்டி ஒரு பல்லு தள்ளி மாட்டினேன். இடிச்சதுல மாறல. போன வாரம் செவ்வாய்க்கிழமையே மாறியாச்சு.”

“யோவ், என்னய்யா உளர்றே?” என்று முதலாளி பாய்ந்தார்.

“ஸ்கேனர்ல அன்னைக்குச் செஞ்ச வேலையெல்லாம் பதிவாகியிருக்கும் சார்” என்றாள் டாக்டரம்மா. ஸ்கேனரை முன்னால் நீட்டினாள். “இந்த வேன் அதுல இல்ல.”

ஆய்வாளர் எழுதியதை அடித்தார். ஏர்பேக் வெடித்துவிடாமல் இருக்கப் பேட்டரியைக் கழற்றச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் காத்திருந்து, நூலண்ணனையே ஸ்டீயரிங்கைக் கழற்றச் சொன்னார். ஏர்பேக் வெளியே வந்தது, நட்டு வந்தது. தண்டின் நுனியில் கம்பெனி போட்டு அனுப்பிய வெள்ளைக் கோடு ஒன்று, ஸ்டீயரிங்கின் நடுவில் அதற்கு ஜோடியாக இன்னொன்று. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரே இருக்க வேண்டும். ஒரு பல் தள்ளி இருந்தன. ஆய்வாளர் படம் எடுத்துக்கொண்டார்.

“இன்னும் ஒரு பல்லு தள்ளியிருந்தா இந்த மாடல்ல எச்சரிக்கை விளக்கு எரிஞ்சிருக்கும்” என்றார். “வண்டி தானே காட்டிக் கொடுத்திருக்கும். இது அதுக்குள்ள அடங்கிப்போச்சு.” பிறகு நிர்வாகத்து மனிதரிடம் சொன்னார். “பட்டனை அமுக்கினது இவர் தப்புதான், கொண்டுவந்து காட்டியிருக்கணும். ஆனா வாகனத்தில் கோளாறு இல்லைன்னு எழுதின தாளை நான் ஏத்துக்க முடியாது. இந்த நிலைமைல இவர் கையெழுத்துப் போட வேண்டாம்.”

முதலாளி கத்தினார். முப்பது வருஷப் பெயரைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டாய் என்றார், இனி கேட்டுக்குள் காலை வைக்காதே என்றார். நூலண்ணனுக்கு அதெல்லாம் காதில் விழுந்ததே தவிர உள்ளே போகவில்லை. அவர் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தான். தாளை நாலாக மடித்தான். யாரையும் பார்க்காமல் வெளியே போனான்.

நூலண்ணன் பின்னாலேயே ஓடினார். கேட்டுக்கு வெளியே குழாயடியில் தம்பி முகம் கழுவிக்கொண்டிருந்தான்.

“டேய்” என்றார். அடுத்து என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருக்கவில்லை. “தப்புப் பண்ணிட்டேன்டா.”

தம்பி சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். “தப்பு எல்லாருக்கும் வரும்ண்ணே. துருப் புடிச்ச நட்டு, எனக்கும் அவசரம். நான்தான் சீக்கிரம் சீக்கிரம்னு நின்னேன். அதை நான் பேசவே இல்ல.”

“பின்ன?”

“நாலு நாள்” என்றான் தம்பி. “நாலு நாளும் வந்து எங்க வீட்டுல சாப்பிட்டே. நேத்து அந்தத் தாளைப் படிச்சுப் பாத்துச் சரியா இருக்குன்னு சொன்னே.”

தெருவில் போன லாரிக்காக இருவரும் ஓரம் ஒதுங்கினார்கள். ஒதுங்கும்போது பழக்கத்தில் தம்பி அவர் தோளைப் பிடித்து உள்ளே இழுத்தான். லாரி போனதும் கையை எடுத்துக்கொண்டான்.

“வண்டி இழுத்தப்போ எனக்கு ரெண்டே சந்தேகம்தான்ண்ணே. ஒண்ணு கம்ப்யூட்டர் கெட்டிருக்கணும், இல்ல என் கை கெட்டிருக்கணும். கம்ப்யூட்டர்னு நெனச்சுப் பட்டனை அமுக்கினேன். சுவத்துல இடிச்சதும் கைதான்னு முடிவு பண்ணிட்டேன். நீ பாத்த வண்டி. மூணாவதா ஒண்ணு இருக்க முடியும்னு எனக்குத் தோணவே இல்ல.”

“அடிச்சுடுடா” என்றார் நூலண்ணன். உண்மையாகவே அதை விரும்பினார். “நாலு அறை குடுத்துடு.”

தம்பி அடிக்கவில்லை. சட்டைப் பையில் இருந்த தாளை எடுத்து, அதன் பின்பக்கத்தில் எழுத எதையோ தேடினான். கிடைக்கவில்லை. வாயாலேயே சொன்னான்.

“அந்தப் பொண்ணு எங்க ஆஸ்பத்திரியிலதான் இருக்கு. மூணாவது மாடி, பன்னெண்டாம் கட்டில். நாலு மணிக்கு மேல பாக்க விடுவாங்க. அவங்க அம்மா பக்கத்துலயே இருப்பாங்க, கொஞ்சம் கடுமையாப் பேசுவாங்க, பொறுத்துக்கோ.”

“நீயும் வா. ரெண்டு பேரும் போலாம்.”

“நான் நாலு நாளும் போனேன்” என்றான் தம்பி. “போய்க் கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டுட்டு வந்தேன். இன்னைக்கு நீ போ.”

பஸ் வந்தது. தம்பி ஏறிக்கொண்டான். நூலண்ணன் சட்டையில் இருந்த கிரீஸைத் தண்ணீர் தொட்டுத் துடைத்துப் பார்த்தார்; அது பரவியதே தவிரப் போகவில்லை. நாலு மணிக்கு இன்னும் மூன்றரை மணி நேரம் இருந்தது. அவர் ஆஸ்பத்திரி இருக்கும் பக்கமாக நடக்க ஆரம்பித்தார்.